காலத்துக்கு முந்தி வந்த பொண்ட்

ஜேம்ஸ் பொண்டாக நடித்தவர்களுள் சிறந்தவர் யார்? சினிமா பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்பினாலும், விடை பெரும்பாலும் மூன்று பெயர்களுக்குள் அடங்கிவிடும். மூத்தவர்கள் ஷோன் கொனரி என்பார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் படம் பார்க்கத் தொடங்கியவர்கள் ரொஜர் மூர் என்பார்கள். இளையவர்கள் சிறிதும் தயங்காமல் டானியல் கிரெய்க் என்பார்கள். பியர்ஸ் புரொஸ்னனுக்கும் சில கைகள் உயரும். திமொதி டோல்டனின் பெயரைச் சொல்பவரைக் காண்பது அரிது.

எனது வாக்கு டோல்டனுக்கே. அவர் நடித்தவை இரண்டே இரண்டு படங்கள். ஆயினும், கிரெய்க்குக்குச் சூட்டப்பட்ட மாலைகளிற் பாதியேனும் அவருக்கு உரியது என்பது எனது துணிபு. அதற்கான காரணங்களை முன்வைப்பதே இங்கு எனது நோக்கம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1962இல் வெளிவந்த ‘டொக்டர் நோ’ முதல் 2021இல் வெளிவந்த ‘நோ டைம் டு டை’ வரை, இயன் நிறுவனத்தின் தயாரிப்பில் 25 பொண்ட் படங்கள் வந்துள்ளன. கொனரி ஆறு, ஜோர்ஜ் லேசன்பி ஒன்று, மூர் ஏழு, டோல்டன் இரண்டு, புரொஸ்னன் நான்கு, கிரெய்க் ஐந்து. 1967இல் வந்த கேலிப்படமும், 1983இல் கொனரி மீண்டும் நடித்த ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ என்ற படமும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவை.

பொண்டை ஒற்றன் என்று அழைப்பதே ஒரு வகையில் முரண்தான். பிறர் ஐயுறாத தோற்றமும், எதற்கும் அஞ்சாத பார்வையும், அறிந்ததை வெளிவிடாத மனமும் ஒற்றனுக்கு வேண்டும் என்பது ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த இலக்கணம். பொண்டோ சூதாட்ட மேசையில் அமர்ந்ததும் தன் பெயரை இருமுறை சொல்லி அறிமுகம் செய்துகொள்பவர். எதிரிக்கு அவர் யாரென்று தெரியும். அவர் அருந்தும் பானமும் தெரியும். ஆகவே இந்தப் படங்களை உளவுக் கலையின் சித்திரிப்பு என்று எடைபோடுவதில் பயனில்லை. அரசு அளித்த அனுமதியோடு கொலை செய்யும் ஒரு மனிதன், அந்தத் தொழிலை எப்படிச் சுமக்கிறான்? நடிகர்களை ஒப்பிட இந்தக் கேள்வியே சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன்.

இயன் ஃபிளெமிங் 1953இல் ‘கசினோ ரோயல்’ நாவலில் படைத்த பொண்ட், சிரித்துச் சிரித்துக் கொல்பவன் அல்லன். தொழிலில் சலிப்புற்றவன், அளவுக்கு மீறிப் புகைப்பவன், குடிப்பவன், கொன்றதை எண்ணி உறக்கம் கெடுபவன். இந்த மனிதனைத் திரைக்குக் கொண்டுவந்தபோது தயாரிப்பாளர்கள் அவனுக்கு நகைச்சுவையைச் சேர்த்தார்கள். அது வணிகத்துக்குத் தேவைப்பட்டது. அன்று முதல் இந்தத் தொடர் இரண்டு கரைகளுக்கிடையே ஓடும் ஆறாயிற்று. ஒரு கரையில் ஃபிளெமிங்கின் இருண்ட மனிதன். மறு கரையில் விந்தைக் கருவிகளும் வேடிக்கைப் பேச்சும் கொண்ட கேளிக்கை நாயகன்.

கொனரியின் பெருமை, இரு கரைகளையும் ஒருசேரத் தொட்டமைதான். எடின்பரோவில் எளிய குடும்பத்தில் பிறந்து, பால் விநியோகிப்பவராகவும் வேலை பார்த்தவர் அவர். உடுத்தவும் உண்ணவும் நடக்கவும் அவரைப் பழக்கியவர் முதற்படத்தின் நெறியாளர் டெரன்ஸ் யங். அந்த மெருகுக்கு அடியில் தெருச் சண்டைக்காரனின் முரட்டுத்தனம் மறையாமல் இருந்தது. ‘ஃபுரொம் ரஷ்யா வித் லவ்’ (1963) படத்தில் ரயில் பெட்டிக்குள் ரொபர்ட் ஷோவுடன் அவர் இடும் சண்டை இன்றும் மூச்சை நிறுத்த வைக்கும். அங்கே பொண்ட் தோற்றுவிடக்கூடும் என்ற அச்சம் நமக்கு உண்மையாகவே எழுகிறது. ஆனால் 1967இல் எரிமலைக்குள் ஏவுகணைத் தளம் அமைக்கும் எதிரியை நோக்கிப் படங்கள் நகர்ந்தபோது, கொனரியின் முகத்தில் அலுப்பே எஞ்சியிருந்தது.

அடுத்து வந்த லேசன்பி அவுஸ்திரேலியர். விளம்பர மாதிரியாக இருந்தவர். நடிப்பு அனுபவம் இல்லாதவர். ஆனால் அவர் நடித்த ‘ஒன் ஹேர் மெஜஸ்டிஸ் சீக்கிரட் சேர்விஸ்’ (1969) இந்தத் தொடரின் மிகச் சிறந்த படங்களுள் ஒன்று. பொண்ட் மனப்பூர்வமாகக் காதலிக்கிறார், மணம் முடிக்கிறார், மணமான சில மணி நேரத்தில் மனைவியை இழக்கிறார். டயானா ரிக் ஏற்ற அந்த மனைவி பாத்திரம் படத்தைத் தாங்குகிறது. கொனரி திரும்பி வந்து நடித்த அடுத்த படத்தில் (1971) அந்தத் துயரத்தின் சுவடு ஏறக்குறைய இல்லை. துயரப்படும் பொண்ட் வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

அந்தத் தீர்மானத்தின் விளைவே ரொஜர் மூர். அவரை இகழ்வது எனது நோக்கமன்று. எமது தலைமுறையில் பலர் வீடியோ கசெற்றுகளில், ஆண்டு வரிசை எதுவுமின்றி, பொண்டைக் கண்டது பெரும்பாலும் அவர் உருவத்திலேதான். கொனரியை விட மூன்று வயது மூத்தவரான அவர், 1973இல் தமது முதல் பொண்ட் படம் வெளிவந்தபோது 45 வயதை அடைந்திருந்தார். தம்மால் இயன்றது எது, இயலாதது எது என்பதை நன்கு அறிந்த கலைஞர். புருவத்தை உயர்த்தி, இது விளையாட்டு என்று ரசிகனுக்குச் சைகை காட்டினார். ‘த ஸ்பை ஹூ லவ்ட் மீ’ (1977) அந்தப் பாணியின் உச்சம். ‘மூன்ரேக்கர்’ (1979) அதன் மிகை. ‘ஸ்டார் வோர்ஸ்’ பெற்ற வெற்றியைக் கண்டு பொண்டையும் விண்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள். உதய்ப்பூரில் படமாக்கப்பட்ட ‘ஒக்டோபுஸி’யில் (1983) எமது டெனிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் தோன்றியது மகிழ்ச்சிதான். ஆனால் அதில் காட்டப்பட்ட இந்தியா பாம்பாட்டிகளும் கயிற்று வித்தைக்காரர்களும் ஆணிப்படுக்கைகளும் நிறைந்த பழைய காலனித்துவக் கனவு. 1985இல் ‘ஏ வியூ டு எ கில்’ வெளிவந்தபோது மூருக்கு வயது 57. சண்டைக் காட்சிகளில் மாற்று நடிகரை மறைப்பதே ஒளிப்பதிவாளரின் பெரும்பாடாகத் தெரிகிறது.

இப்போது எனது வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். 1985இல் மூரின் கடைசிப் படத்தை நெறிப்படுத்தியவர் ஜோன் கிளென். எழுதியவர்கள் ரிச்சர்ட் மைபோமும் மைக்கல் வில்சனும். 1987இல் டோல்டனின் முதற்படமான ‘த லிவிங் டேலைட்ஸ்’ படத்தை நெறிப்படுத்தியவரும் அதே கிளென். எழுதியவர்களும் அதே இருவர். மாறியவர் கதாநாயகன் ஒருவரே. ஒரு நடிகனால் ஒரு தொடரை எவ்வளவு மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

ஷேக்ஸ்பியர் நாடக மேடையில் வளர்ந்த டோல்டன், ஃபிளெமிங்கின் நூல்களைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு வந்தார். படத்தின் தொடக்கத்தில், எதிரித் தரப்புக் குறிசுடுநரைக் கொல்லுமாறு பொண்டுக்குக் கட்டளை. துப்பாக்கியின் குறிநோக்கியில் அவர் காண்பது ஒரு இசைக்கலைஞப் பெண்ணை. அவள் தொழில்முறைக் கொலையாளி அல்லள் என்பது ஒரு கணத்தில் புரிகிறது. கொல்லாமல் அவளது துப்பாக்கியைச் சுடுகிறார். கட்டளையை மீறியதைச் சக அதிகாரி கண்டிக்கும்போது, வேலை போனால் மேலதிகாரிக்கு நன்றி சொல்வேன் என்கிற பொருளில் பதில் தருகிறார். அந்த முகத்தில் குறும்பு இல்லை. களைப்பு இருக்கிறது. அந்தக் காட்சி ஃபிளெமிங்கின் சிறுகதையிலிருந்து வந்தது. மூருக்கேற்ற வேடிக்கையாக, தாஞ்சியர் நகரக் கூரைகளின் மேல் மாயக்கம்பளக் காட்சி ஒன்றும் இப்படத்துக்காக எடுக்கப்பட்டது. படத்தொகுப்பில் அது நீக்கப்பட்டது. புதிய நாயகனோடு அது ஒட்டவில்லை.

இரண்டாவது படமான ‘லைசென்ஸ் டு கில்’ (1989) இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பொண்டின் நண்பன் ஃபீலிக்ஸ் லைட்டரைப் போதைப்பொருள் வியாபாரி சுறாவுக்கு இரையாக்குகிறான். நண்பனின் மனைவி கொல்லப்படுகிறாள். பழிவாங்கப் புறப்படும் பொண்டின் கொலை அனுமதியை மேலதிகாரி எம் பறிக்கிறார். அரசின் ஆளாக இருந்தவர் தனிமனிதராகிறார். உலகை அழிக்கும் திட்டம் எதுவும் இதில் இல்லை. லத்தீன் அமெரிக்கக் குடியரசொன்றை விலைக்கு வாங்கிவைத்திருக்கும் போதைப்பொருள் அதிபன்தான் எதிரி. அதே ஆண்டு டிசெம்பரில் அமெரிக்கப் படைகள் பனாமாவுக்குள் நுழைந்து, போதைப்பொருள் குற்றச்சாட்டுக்கு உள்ளான ஆட்சியாளர் நொரியேகாவை வீழ்த்தியதை நினைத்தால், இந்தப் படம் அன்றைய பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பது விளங்கும்.

அப்படியானால் ஏன் தோற்றது? அமெரிக்காவில் அந்தக் கோடையில் ‘பட்மன்’, இந்தியானா ஜோன்ஸின் மூன்றாம் படம், ‘லீதல் வெப்பன் 2’ ஆகியவற்றோடு அது மோத வேண்டியிருந்தது. பிரித்தானியாவில் 15 வயதுக்குட்பட்டோர் பார்க்க முடியாதெனச் சான்றிதழ் பெற்ற முதல் பொண்ட் படமும் அதுவே. குடும்பத்தோடு வந்து சிரிக்கப் பழகிய ரசிகர்கள், இரத்தம் தோய்ந்த முகத்தோடு நிற்கும் பொண்டை ஏற்கவில்லை. பின்னர் உரிமை தொடர்பான வழக்குகளால் ஆறு ஆண்டுகள் படமே வரவில்லை. 1994இல் டோல்டன் விலகினார். செய்தி எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், கேட்க ஆளில்லாத வேளையில் வந்தால் அது உள்பக்கத்து மூலைக்குப் போய்விடும் என்பது பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் அறிந்த கதை. டோல்டனுக்கு நேர்ந்ததும் அதுதான்.

புரொஸ்னன் 1995இல் வந்து தொடரைக் காப்பாற்றினார் என்பதை மறுக்க முடியாது. ‘கோல்டன்ஐ’ நல்ல படம். ‘டுமோரோ நெவர் டைஸ்’ (1997) படத்தில் போரை மூட்டிவிட்டுச் செய்தி விற்கும் ஊடக அதிபன்தான் வில்லன். எமது தொழிலைச் சேர்ந்த அந்த வில்லனை இன்று பார்க்கையில் மிகை என்று சொல்ல நா எழவில்லை. ஆனால் புரொஸ்னன் எல்லோரையும் திருப்திப்படுத்த முயன்றார். கொனரியின் மிடுக்கும் மூரின் குறும்பும் கலந்த நகலாகவே நின்றார். கண்ணுக்குத் தெரியாத கார் வரும் ‘டை அனதர் டே’ (2002) படத்தோடு தொடர் மீண்டும் 1979இன் நிலைக்கு வந்து சேர்ந்தது.

2006இல் ‘கசினோ ரோயல்’. பொன்னிற முடி கொண்டவர் பொண்டா என்று கிரெய்க்குக்கு எதிராக இரசிகர்கள் கூச்சலிட்டார்கள். படம் வெளிவந்ததும் அந்த வாய்கள் அடைத்துப்போயின. இந்த பொண்ட் இரத்தம் சிந்தினார், சித்திரவதைக்கு உள்ளானார், காதலித்தார், ஏமாந்தார். நெறியாளர், ‘கோல்டன்ஐ’யை எடுத்த அதே மார்ட்டின் கம்பெல். விமர்சகர்கள் இதை ஒரு புரட்சி என்று எழுதினார்கள்.

கிரெய்க் மிகச் சிறந்த நடிகர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ‘ஸ்கைஃபோல்’ (2012) நூறு கோடி டொலரைத் தாண்டி வசூலித்தது தகுதிக்குக் கிடைத்த பரிசே. ஆனால் வேலையை விட்டு விலகும் பொண்ட், மேலதிகாரியை மீறும் பொண்ட், தனிப்பட்ட வஞ்சத்தோடு அலையும் பொண்ட் – இவை எல்லாம் 1987இலும் 1989இலும் திரையில் வந்துவிட்டவை. இடையில் மாறியவர்கள் ரசிகர்கள். 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பின்னர் அரச வன்முறையின் விலை என்ன என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் இருந்தது. 2002இல் வந்த ‘த போர்ன் ஐடென்டிட்டி’ கடுமையான உளவுப்படத்துக்குப் பார்வையாளரைப் பழக்கியிருந்தது. கிரெய்க் உழுத நிலத்தில் நுழையவில்லை என்று சொல்ல முடியாது. அந்த நிலத்தைக் கல் பொறுக்கிக் கொடுத்தவர் டோல்டன்.

எதிர்வாதங்கள் உண்டு. டோல்டனுக்கு நகைச்சுவை வராது. மூரின் காலத்து எழுத்து மிச்சம் வைத்த வேடிக்கை வசனங்கள் அவர் வாயில் செத்து விழுகின்றன. ‘த லிவிங் டேலைட்ஸ்’ ஆப்கான் முஜாஹிதீன்களைக் கள்ளமற்ற வீரர்களாகக் காட்டுவது, பின்னர் நடந்தவற்றை அறிந்தவர்களுக்கு உறுத்தும். காதல் காட்சிகளில் கொனரியின் இலகு அவரிடம் இல்லை. இவை எல்லாம் உண்மை. ஆயினும் கொலை செய்வதைத் தொழிலாகக் கொண்டவனின் கண்கள் எப்படி இருக்கும் என்பதை, ரசிகர்கள் கேட்காத காலத்தில் காட்டியவர் அவர். நான் மேலே சொன்ன அளவுகோலால் அளந்தால் முதலிடம் அவருக்கே.

இந்தப் பழங்கதைக்கு இன்று ஒரு தேவை இருக்கிறது. எம்.ஜி.எம். நிறுவனத்தை 2022இல் அமேசன் வாங்கியது. 2025 பெப்ரவரியில் பொண்ட் படங்களின் படைப்புக் கட்டுப்பாடும் புரொக்கலி குடும்பத்தின் கையிலிருந்து அமேசனிடம் சென்றது. அவ்வாண்டிலேயே அடுத்த படத்தின் நெறியாளராக டெனி வில்நவ் அறிவிக்கப்பட்டார். பொண்டின் பெயரில் கிளைக்கதைகளும் தொடர்களும் பெருகக்கூடும் என்ற அச்சம் இரசிகர்களிடம் உண்டு. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. அந்தக் குடும்பம் 1987இல் ஒரு நடிகனை நம்பிப் பழகிய பாதையை மாற்றியது. 2006இல் கூச்சல்களைப் பொருட்படுத்தாமல் மீண்டும் மாற்றியது. முதல் முறை கை சுட்டது. இரண்டாம் முறை பலித்தது. முதல் முறை சுட்டுக்கொண்டதால் பயந்து ஒதுங்கியிருந்தால் இரண்டாம் முறையே வந்திராது.

பார்வையாளர் எதைப் பார்த்தார், எந்த நிமிடத்தில் நிறுத்தினார் என்று கணக்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனம், அப்படியொரு துணிவுக்கு இடம் கொடுக்குமா? 1989இல் அத்தகைய கணக்கு இருந்திருந்தால் டோல்டனின் பொண்டை முதல் அரைமணி நேரத்திலேயே நிறுத்தச் சொல்லியிருக்கும். புதிய பொண்டாக வருபவர் யாராக இருந்தாலும், அவர் பழைய 25 படங்களிலும் இரண்டைத் தெரிந்தெடுத்துப் பார்க்க வேண்டுமென்றால், நான் கொடுக்கும் கசெற்றுகள் 1987ஆம், 1989ஆம் ஆண்டுகளுக்கு உரியவை.