மீட்டர் யார்கிட்ட பேசணும்?

பெருங்குடியில் நாலு பேர் சேர்ந்து வாடகை வீடு எடுத்து, ஏசியும் போட்டிருக்கீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான்.

நம்ம ஊரில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங். முதல் சில யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுக்கும் ரேட் ஏறும். நாம 498-ல நிக்கிறோமா, 503-க்குப் போயிட்டோமா? ரீடிங் எடுக்க வர்றவர் சொன்னாத்தான் தெரியும். தினமும் மாடிப்படிக்குக் கீழே போய் மீட்டரைப் பார்த்துக் குறிச்சு வைக்கிறவங்க எத்தனை பேர்?

ஸ்மார்ட் மீட்டர் ரீடிங்கைத் தானே அனுப்பிவிடும். தி.நகரில் சோதனை முயற்சியாக 1 லட்சத்துக்கும் மேல் பொருத்தியாச்சு. தெருவில் ஃபியூஸ் போனால் மின்னகத்துக்கு போன் போடும் முன்பே ஆபீசுக்குத் தகவல் போகும்படியும் செய்யலாம்.

எதிர்ப்பவர்களின் பயமும் நியாயமானதுதான். ரீடிங் எடுப்பவர்களின் வேலை என்னாகும்? ப்ரீபெய்டு ஆக்கி, காசு தீர்ந்ததும் கரண்டை நிறுத்துவாங்களா? சாயங்காலத்துக்குத் தனி ரேட் வருமா? இதையெல்லாம் முடிவு செய்வது மீட்டர் இல்லை, அரசு. அதனால் பதிலையும் அரசுதான் முதல்லயே சொல்லணும்.

நான் கேட்பது ஒண்ணுதான். அந்த ரீடிங் வாரியத்துக்குப் போற அதே நாளில் நம்ம போனுக்கும் வரட்டும். 450 யூனிட் தொட்டதும் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தால் போதும், ஏசியை நாமே அணைச்சுக்குவோம். வாரியத்துக்கு மட்டும் பேசுகிற மீட்டரை ஸ்மார்ட்னு சொல்ல நான் தயாரில்லை. நீங்க?