வளையம் இல்லாத பள்ளித் திடல்கள்

ஈப்போ – பள்ளிக் கூடைப்பந்துப் போட்டிகளில் மாவட்டத்தில் வென்றால் மாநிலம், மாநில அணிக்குத் தேர்வானால் எம்எஸ்எஸ்எம் தேசியப் போட்டி. 12 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கே தனிப் பிரிவு உண்டு. ஏணி எல்லாருக்கும் பொதுதான். ஆனால் பேராக்கில் அதன் முதல் படியிலேயே தமிழ்ப்பள்ளிகளைக் காண்பது அரிது.

உடல்வாகு காரணமல்ல. இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தமிழ்நாட்டுக்காரர்தான். காரணம், ஆடும் இடம். அவசரகாலத்தில் உருவான சீனப் புதுக்கிராமங்கள் பேராக்கில்தான் அதிகம். அங்கே சிமெண்டுத் தளமும் இரண்டு வளையங்களும் சாதாரணம். மாலையில் பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்தே பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். தோட்டத்தில் இருந்ததோ புல் திடல். பந்து என்றால் காற்பந்து. இல்லையென்றால் கபடி, ஓட்டம். ஓட்டத்தில் பேராக் சோடை போகவில்லை. 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற எம்.ஜெகதீசன் கோலகங்சாரில் பிறந்தவர், எம்.ராஜாமணி தாப்பாவில்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் பட்டணத்து மலிவுவிலை வீடுகளுக்கு வந்தன. திடல் கூடவே வரவில்லை. பேராக்கின் 134 தமிழ்ப்பள்ளிகளில் பல, மாணவர் குறைந்த பள்ளிகள். காற்பந்துக்கு 11 பேரைத் திரட்டுவதே பெரும்பாடு. கூடைப்பந்துக்கு ஐவர் போதும். தோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான மூவர் ஆட்டத்துக்கு மாற்று ஆட்டக்காரரோடு நால்வர், ஒரே வளையம், பத்து நிமிடம். சபைகூடும் தளமே தாராளம்.

இது வெறும் கோப்பை விவகாரமல்ல. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு உரியது. மாவட்டம், மாநிலம் என ஆடியவருக்குப் புள்ளி கூடும். படிவம் ஒன்றில்தான் தமிழ்ப்பள்ளி மாணவர் பந்தைத் தட்டவே பழகுகிறார்; பக்கத்தில் நிற்கும் சீனப்பள்ளி மாணவரோ அதற்குள் நாலைந்து ஆண்டு ஆடியிருப்பார். பள்ளி அணியில் யாருக்கு இடம் என்று கேட்க வேண்டுமா?

'ஒரு மாணவர், ஒரு விளையாட்டு' கொள்கை 2011இலேயே வந்துவிட்டது. கழகப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் பிள்ளை ஆட்டக்காரர் ஆகிவிடாது. விருந்துக்கும் மாலை மரியாதைக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர்களும் ஒதுக்கினால் வளையத்துடன் ஒரு கம்பம் நட்டுவிடலாம். சிறுவர்களுக்கு 2.60 மீட்டர் உயரமே போதும். முழு உயரமான 3.05 மீட்டர் பிறகு வரட்டும்.

அதுவரை பக்கத்துச் சீனப்பள்ளித் தளத்தைச் சனிக்கிழமை காலையில் கேட்டுப் பார்க்கலாம். பல ஊர்களில் இரண்டு பள்ளிக்கும் நடந்து போகும் தூரம்தான்.