நிலம் எங்கள் பெயரில், பண்ணைப்பள்ளி யார் பெயரில்?

மாண்புமிகு வேளாண்மை - உழவர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

செய்யாறு பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறோம். இரண்டு வருடமாக அங்கேயே பண்ணைப்பள்ளி நடத்துகிறோம்; பள்ளிப் பிள்ளைகள் வந்து பயிர்வேலை பழகிப் போகிறார்கள். போன பட்டத்தில் ஒரு சிறுமி கடலைச்செடியைப் பிடுங்கிவிட்டு, மண்ணைக்கூட உதறாமல் கேட்டாள்: "இதைத் திரும்ப நட்டுடலாமா?" அந்தப் பிள்ளைக்காகவே இதை விடாமல் நடத்த வேண்டும்.

எந்த அமைப்பாகப் பதிவு செய்வது என்பதில்தான் திணறுகிறோம். தனி ஆளாக நடத்துவது சுலபம். ஆனால் கிணற்றுமேட்டில் ஒரு பிள்ளை சறுக்கி விழுந்தால், இழப்பீட்டுக்கு வீடு வாசல் எல்லாமே பொறுப்பாகும். சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 7 பேர் வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு 10 உழவர்கள் சேர வேண்டும். அது விளைச்சலைச் சேர்த்து விற்க நல்லது, பாடம் நடத்த அல்ல.

அறக்கட்டளைதான் பொருந்துகிறது. ஆனால் என் மனைவி கேட்டாள்: "நிலத்தையும் எழுதிக் கொடுத்துட்டா, நாளைக்கு நம்ம பிள்ளைங்களுக்கு என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. தர்மத்துக்கு எழுதிய நிலத்தை நினைத்தபோது திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் நிலம் எங்கள் பெயரிலேயே இருக்கட்டும், அறக்கட்டளைக்குக் குத்தகைக்கு விடுவோம் என்று முடிவெடுத்தோம். அதிலும் ஒரு முடிச்சு. நிறுவியவருக்கே மிகையான குத்தகை போனால் அறக்கட்டளையின் வருமான வரி விலக்குக்கு ஆபத்து. எவ்வளவு வரை நியாயம் என்று கேட்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் பக்கத்து மேசையைக் காட்டினார்கள்.

கணக்கிலும் இதே குழப்பம். நாற்றங்கால் கன்றை விற்றால் விவசாய வருமானம். பிள்ளைகளிடம் வாங்கும் கட்டணம் அப்படி ஆகாது. கடலையாக விற்பதும் மிட்டாயாக்கி விற்பதும் ஒன்றல்ல. இரண்டு நோட்டுப் போட்டு எழுதுகிறோம், சரியா என்று சொல்ல ஆளில்லை.

நாங்கள் மானியம் கேட்கவில்லை. பண்ணைப்பள்ளிக்கென ஒரு மாதிரி அறக்கட்டளைப் பத்திரமும் குத்தகைப் பத்திரமும் தமிழில் வெளியிடுங்கள். மாதம் ஒரு நாள், மாவட்ட வேளாண்மை அலுவலகத்தில் பதிவுத்துறை அலுவலரும் ஓர் ஆடிட்டரும் சேர்ந்து உட்காரட்டும். சித்திரைக்குள் பத்திரம் எழுதியாக வேண்டும். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
செய்யாறு வட்டார உழவன்