கெடாவில் எத்தனை அசை?

போன வாரம் சுங்கைப்பட்டாணியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். படிவம் நான்கு படிக்கும் அவர் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, எனக்குத் தமிழ் இலக்கியம் வேண்டாம். அசை பிரிச்சா எல்லாமே தப்பாகுது."

நோட்டைப் பார்த்தேன். பையனுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. தமிழை மலாய்க் கணக்கில் பிரித்திருந்தான், அவ்வளவுதான்.

சிறு வயதிலிருந்தே 'சுக்கு காத்தா' பிரித்துப் பழகிய பிள்ளைகள் இவர்கள். அங்கே ஓர் உயிரொலி வந்தால் ஒரு துண்டு. கெ-டா இரண்டு, கூ-லிம் இரண்டு. தமிழ் அசைக்கு இந்தக் கணக்கு போதாது. குறிலா நெடிலா என்றும் பார்க்க வேண்டும்.

விதி எளிதுதான். நெடில் தனியே நிற்கும். குறில், அடுத்து வரும் குறிலையோ நெடிலையோ சேர்த்துக்கொள்ளும். இடையில் ஒற்று வந்தாலோ சொல் முடிந்தாலோ அதுவும் தனியே நின்றுவிடும். ஒற்று எப்போதும் முன்னால் உள்ள எழுத்தோடு போகும். தனித்து நிற்பது நேரசை. சேர்ந்து வருவது நிரையசை.

ஊர்ப் பெயர்களை வைத்தே சொல்லிக் கொடுத்தேன். கூ/லிம்: நேர் நேர், தேமா. பா/லிங், லூ/னாஸ் இரண்டும் தேமாதான். பட்/டா/ணி: நேர் நேர் நேர், தேமாங்காய்.

"அப்போ கெடா?"

'கெ' குறில்; 'டா'வைச் சேர்த்துக்கொள்ளும். ஒரே நிரையசை! மலாயில் இரண்டு, தமிழில் ஒன்று. 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்து வந்த கடாரமும் நம் கெடாதான். கடா/ரம்: நிரை நேர், புளிமா.

ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஸ்பானிய மொழியில் 'பாபா' என்பதன் முதல் பகுதியை அழுத்தினால் உருளைக்கிழங்கு, கடைசிப் பகுதியை அழுத்தினால் அப்பா. அங்கே அழுத்தம் செய்யும் வேலையை நமக்கு நீளம் செய்கிறது. கல் வேறு, கால் வேறு அல்லவா?

பையன் பென்சிலை எடுத்தான். பீடோங், மெர்போக் என்று அவனே பிரிக்கத் தொடங்கினான். இலக்கியத்தை விடுகிற பேச்சு அன்று மறுபடி வரவில்லை.

பெற்றோர்களே, பிள்ளை "தமிழ் கஷ்டம்" என்றால் உடனே பாடத்தை மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொருவராக விலகினால் வகுப்பே இல்லாமல் போகும். முதலில் நோட்டைத் திறந்து, எந்த மொழிக் கணக்கில் பிரித்திருக்கிறான் என்று பாருங்கள்.