லயத்துக்குள் பெற்றோல் வரக்கூடாது

புல்வெட்டும் மெஷினும் கொழுந்து பறிக்கும் மெஷினும் நமது மலைகளுக்கு வந்து சில வருடங்களாகிவிட்டன. மெஷினோடு பெற்றோலும் வந்தது. வேலை முடிந்ததும் மெஷினைத் தோளில் போட்டு, மிச்சப் பெற்றோலைச் சோடாப் போத்தலில் எடுத்துக்கொண்டு காம்பராவுக்கு வரும் தொழிலாளர்கள் நம்மிடையே உண்டு. காலையில் நேரே மலைக்குப் போக அதுதான் வசதி என்று நிர்வாகத் தரப்பில் சொல்லப்படுகிறது. யாருக்கு வசதி என்பதே நமது கேள்வி.

மண்ணெண்ணெயோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் பெற்றோலையும் அதன் தம்பி என்று நினைத்துவிடுகிறோம். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடுவதற்கு ஏறக்குறைய 38 பாகை செல்சியஸாவது சூடேற வேண்டும். பெற்றோலுக்கோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரே போதும். நுவரெலியாவில் பனி கொட்டிக் கொழுந்து கருகும் தை மாத விடியலிலும் அது ஆவி விட்டுக்கொண்டுதான் இருக்கும். "நம்ம ஊர்க் குளிருக்கு ஒன்றும் ஆகாது" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடப் பாரமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு ஊரும். இஸ்தோப்பில் மூடி சரியாக இறுகாத போத்தலிலிருந்து கிளம்பி, கதவிடுக்கு வழியாக அடுப்படித் தணல்வரை போகும். அங்கே பற்றிய தீ, வந்த வழியே போத்தலுக்குத் திரும்பி ஓடும். காலியான கேன்தானே என்று நினைப்பதும் தவறு. அதற்குள் நிற்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

தனி வீடென்றால் ஒரு வீட்டோடு போகலாம். லயத்தில் அப்படியல்ல. ஒரே கூரை, பழைய மரம், பல இடங்களில் கூரைவரை எட்டாத இடைச்சுவர். தொங்கல் காம்பராவில் பிடித்த தீ அடுத்த தொங்கலில்தான் நிற்கும். உடுதுணியோடு பிறப்புச் சான்றிதழும், சேமலாப நிதிக் கடதாசிகளும், பிள்ளைகளின் கொப்பிகளும் போய்விடும்.

2022 இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்கள் கேன்களைக் கட்டிலுக்கடியில் வைத்துப் படுத்ததை மறந்துவிட முடியாது. அந்த ஆகஸ்டில்தான் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெய் இல்லாத இரவில், இருக்கும் பெற்றோலை விளக்கில் ஊற்றலாம் என்று யாருக்கும் தோன்றக்கூடாது. ஒரு கரண்டி கலந்தாலும் விளக்கு வெடிக்கலாம்.

விளக்கைப் பற்றியும் ஒரு சொல். உயரமான போத்தலில் திரி போட்ட விளக்கு, பூனை தட்டினாலும் சாய்ந்துவிடும். தீக்காயக்காரர்களுக்கு வைத்தியம் செய்த நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலைப் பார்த்துத்தான் குட்டையான, கனமான, சாய்ந்தாலும் உருளாத விளக்கை உருவாக்கினார். திருகாணி மூடி என்பதால் எண்ணெய் சிந்தாது. அதற்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கு எரிக்க வேண்டிய வீடுகளில் அப்படியான விளக்கே இருக்கட்டும்.

மலையில் மெஷினுக்குப் பெற்றோல் ஊற்றும்போது எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, முதுகிலிருந்து இறக்கித் தரையில் வைத்து ஊற்றுங்கள். பீடி அப்பால் இருக்கட்டும். ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யாமல் பத்தடி தள்ளிப் போங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சவே வேண்டாம். பிள்ளைகள் தண்ணீரென்று பெற்றோலையோ மண்ணெண்ணெயையோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 1990 ஐ அழையுங்கள். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் பெற்றோல் அதில் மிதந்து பரவும். சிறிய தீயென்றால் மண்ணைப் போடுங்கள். பெரிதென்றால் ஆட்களை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. சுட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓட வேண்டும். பற்பசையும் கோப்பித்தூளும் வேண்டாம்.

இவ்வளவும் நாம் செய்யலாம். ஆனால் பெற்றோல் தோட்டத்தின் பொருள், மெஷினும் தோட்டத்தின் பொருள். 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு தருகிறது. இரவில் காம்பராவில் தீப்பிடித்தால் "அது வேலை நேரமில்லை" என்ற பதில்தான் முதலில் வரும். தோட்டத்தின் பெற்றோலை இலவசமாகக் காவல் காத்ததற்கு அதுவா கூலி?

நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிய செலவல்ல. லயங்களுக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் தூரமாக, காற்றோட்டமுள்ள, பூட்டுப்போட்ட ஓர் அறை. மூடி இறுகும் உரிய கேன்கள். பக்கத்தில் மணல் வாளியும் தீயணைப்புக் கருவியும். மாலையில் மெஷினையும் மிச்சப் பெற்றோலையும் கையெழுத்திட்டுப் பெற ஒருவர். அங்கு போய்வரும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் தலைவிகளும் இந்த மாதக் கூட்டத்திலேயே இதை எடுங்கள். எத்தனை காம்பராக்களில் மெஷினும் பெற்றோலும் இருக்கின்றன என்று லயம் லயமாக எழுதி, கடிதத்தோடு துரையிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை மெஷினை மாலையில் தொழிற்சாலையிலேயே ஒப்படைக்கக் கேளுங்கள். மறுத்தால், மறுத்தவர் யார், எந்தத் திகதி என்பதையும் எழுதி வையுங்கள்.