உறங்கும் கிருமியும் உறங்காத கடமையும்

ஓடும் தறியில் நாடா தடுமாறினால் இழை அறும் என்பதைக் காஞ்சி மக்கள் நன்கறிவர். நின்றுவிட்ட தறிக்கு அத்தகைய கேடு இல்லை. காசநோய்க் கிருமி தப்பிப் பிழைக்கும் வழியும் இத்தகையதே.

ஆன்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளுள் பல, கிருமி செய்யும் வேலையையே தாக்குகின்றன. சான்றாக, பெனிசிலின் கிருமி தன் செல்சுவரைக் கட்டும் பணியைக் குலைக்கிறது. வளர்ச்சியை நிறுத்தி உறங்கும் கிருமியை அது எவ்வாறு கொல்லும்? பெனிசிலினுக்குத் தப்பி எஞ்சும் இத்தகைய சில கிருமிகளை 1944ஆம் ஆண்டிலேயே அயர்லாந்து அறிஞர் ஜோசப் பிக்கர் எடுத்துக்காட்டினார். இவை மருந்தை வெல்லும் ஆற்றல் பெற்றவை அல்ல. மருந்து விலகும்வரை அடங்கிக் கிடப்பவை.

உறங்கும் பகையை வெல்ல இருவழிகள் உள. ஒன்று, எழுப்பி அடித்தல். குடலில் வாழும் ஒருவகைக் கிருமிக்குச் சர்க்கரைப் பொருள்களை ஊட்டி, அதன் வளர்சிதை மாற்றத்தைத் தூண்டி, ஜென்டாமைசினால் கொல்ல இயலும் என்று 2011இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். இஃது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. மற்றொன்று, உறக்கத்திலும் அணையாத அடுப்பை அணைத்தல். உறங்கும் உயிருக்கும் சிறிதளவு ஆற்றல் வேண்டுமன்றோ? அவ்வாற்றலை ஆக்கும் நொதியையே பெடாகுவிலின் தடுக்கிறது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கென இம்மருந்து 2016இல் இந்தியாவில் அறிமுகமாயிற்று. மெல்ல இயங்கும் கிருமிகளைத் தாக்கும் பைரசினமைடோ, வழக்கமான காசநோய்ச் சிகிச்சையை ஆறு மாதமாகக் குறுக்க உதவியது.

ஆயினும், அந்த ஆறு மாதத்தைக் காப்பது யார்? 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு மையம், வீட்டிலிருந்தே பெறும் மருத்துவம் சானடோரியச் சிகிச்சைக்கு இணையானது என்று 1959இல் உலகிற்கு உணர்த்தியது. குடும்பத்தைப் பிரிந்து நெடுநாள் வாழும் துயர் அதனால் நீங்கியது. ஆனால், சானடோரியம் சுமந்த பொறுப்பு அன்றே நம் வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டது. இதனை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் கருத்து.

ஒரு சில வாரங்களில் இருமல் தணியும், உடல் தேறும், கூலி வேலை அழைக்கும், மாத்திரை நின்றுவிடும். உறங்கிய கிருமி அப்போதுதான் விழிக்கும். அரைகுறை மருத்துவம் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் இடந்தரும். நோயாளியை மட்டும் குறைகூறிப் பயனில்லை. மாத்திரை ஒவ்வாவிடில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் துணையும், வேலையிழந்த நாளில் உணவளிக்கும் கையும், நோயை மறைக்கத் தூண்டாத அண்டை அயலும் அவருக்கு வேண்டும்.

மாணவர்களே, உங்கள் தெருவில் ஒருவர் ஆறாம் மாத மாத்திரையையும் உண்டு முடிக்கத் துணைநில்லுங்கள். பெரியோர்களே, அவருக்கு ஊர் பக்கபலமாக நிற்க வழிகாட்டுங்கள். கிருமி உறங்கலாம், நாம் உறங்கலாகாது.