அரிசியில் எத்தனால் எதுக்கு? ஆம்பூர் தோல் கழிவு இருக்கே!

மாதனூரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஷிஃப்ட்டுக்குக் கிளம்புபவரின் பைக் டேங்கில் இப்போது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 2030-ல் எட்ட வேண்டிய 20% கலப்பை நாடு 2025-லேயே எட்டிவிட்டது. "மைலேஜ் குறைஞ்சுடுச்சே" என்ற புலம்பல் வெறும் கற்பனை இல்லை. பெட்ரோலைவிட எத்தனாலில் எரிசக்தி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய டூவீலர்களில் 3-4% வரை மைலேஜ் இறங்கும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. பங்க்கில் விலை மட்டும் அதற்கேற்ப இறங்கவே இல்லை.

சரி, மைலேஜை விடுங்கள். இந்த எத்தனால் எதிலிருந்து வருகிறது? முன்பு பெரும்பாலும் கரும்பு. இப்போது மக்காச்சோளமும் அரிசியும் முன்னால் வந்துவிட்டன. 2025-ல் இந்திய உணவுக் கழகத்தின் அரிசி, எத்தனால் ஆலைகளுக்குக் கிலோ ரூ.22.50-க்குப் போனது. மக்காச்சோளம் நாமக்கல் கோழிகளின் தீவனம். ஆக, முட்டை விலையும் பெட்ரோல் பங்க்கும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

இதற்கு நடுவே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பெல்ட்டில் யாருக்கும் வேண்டாத ஒன்று குவிகிறது. உப்பிட்ட பச்சைத் தோல் ஒரு டன் உள்ளே போனால், பதப்படுத்திய தோலாக வெளியே வருவது சுமார் 200-250 கிலோதான். மிச்சத்தில் ஒரு பகுதி, தோலின் உட்புறத்திலிருந்து சுரண்டி எடுக்கும் சதையும் கொழுப்பும். அந்தக் கொழுப்பை உருக்கி, மெத்தனாலோடு வினைபுரிய வைத்தால் பயோடீசல். சதையைக் காற்றில்லாத தொட்டியில் நொதிக்க விட்டால் மீத்தேன். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதை ஆய்வு செய்திருக்கிறது. மேல்விஷாரத்தில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு தோல் கழிவு பயோகேஸ் முயற்சியும் நடந்தது.

முக்கியமான விஷயம், சதை நீக்குவது குரோம் போடுவதற்கு முந்தைய கட்டம். அதனால் இந்தக் கழிவைத் தனியாகப் பிரித்தால் குரோம் பிரச்சினை இல்லை. ஆனால் சுண்ணாம்பும் சல்ஃபைடும் இருக்கும். கவனிக்காமல் விட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது ஆளைக் கொல்லும் வாயு. தோல் கழிவைத் தேக்கி வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2015 ஜனவரி போதும். ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இந்தக் கொழுப்பால் மாவட்டம் முழுக்க வண்டி ஓட்ட முடியாது. ஓட்டவும் வேண்டாம். ஷிஃப்ட்டுக்குப் போகும் டூவீலருக்கு மின்சாரமே சரி; ஆம்பியர் ஸ்கூட்டர்கள் ராணிப்பேட்டையிலேயே தயாராகின்றன. பேட்டரிக்கு எளிதில் மாறாதவை, சரக்கு ஏற்றிக்கொண்டு சென்னை துறைமுகம் போகும் லாரிகள். டீசலில் 2030-க்குள் 5% பயோடீசல் என்பது கொள்கை. கலப்பு இன்னும் 1% கூட இல்லை. நகர எரிவாயு நிறுவனங்களோ 2025-26-ல் 1% என்று தொடங்கி 2028-29-ல் 5% பயோகேஸ் கலந்தாக வேண்டும். ஆக, வாங்க ஆள் இருக்கிறது.

இல்லாதது, டேனரி டேனரியாகப் போய் இந்தக் கழிவை அன்றன்றே, குரோம் கழிவோடு கலக்காமல் எடுத்துவரும் வண்டியும் அதற்கான கூலியும். அரிசிக்குச் சலுகை விலை தர முடிந்த அரசு, முதலில் இந்த வண்டி வாடகையைத் தரட்டுமே.